இடது கைப் பிரேக்

“இறக்கத்துல சீட்ல உட்காராத சுமி. எழும்பி நில்லு, இடுப்பைப் பின்னால தள்ளு. டயரைப் பார்க்காத, பத்தடி முன்னாடி பாரு. இடது கைப் பிரேக்கை மட்டும் பிடி. வலது முன் சக்கரத்துக்கு, அதைத் தொட்டா தலைகுப்புறதான்,” என்று படபடவென ஒப்பித்தாள் ஜெசிந்தா.

தோழி சுமித்ராவுக்கு மலைப்பாதை அன்றுதான் முதல் தடவை. ஏற்காட்டுச் சரிவில் சைக்கிள் குழு ஒளித்து வைத்த பித்தளைப் பெட்டியை எந்த மூவர் அணி மேலே கொண்டுவருகிறதோ அதற்கே கோப்பை. கற்றுக்குட்டியால் தோற்கக் கூடாதென்று தன் வெளிநாட்டு சைக்கிளையே சுமித்ராவுக்குக் கொடுத்துவிட்டு, ஜெசிந்தா வாடகை சைக்கிளில் பாய்ந்தாள்.

ஓடைப் பாறையிடுக்கில் பெட்டி கிடைத்தது. பின்னாலேயே அணியின் மூன்றாவது ஆள் அன்வர் வந்து சேர்ந்தான்.

“சுமி எங்க?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“வளைவுல மெதுவா வந்துட்டிருந்தா. நான் தாண்டி வந்துட்டேன்.”

இருவரும் திரும்பி ஏறினார்கள். வளைவுச் சேற்றில் முன்சக்கரத்தின் தடம் ஆழமாகக் கீறி, சட்டென்று முடிந்திருந்தது. கீழே புதர்கள் முறிந்து கிடந்தன. ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய சைக்கிளில் இடது கைப் பிரேக்தான் முன்சக்கரத்துக்கு! இரண்டு வருடமாக ஓட்டுகிறவள், அவசரத்தில் ஊர் சைக்கிளுக்கான பாடத்தைச் சொல்லித் தொலைத்திருக்கிறாள்.

வேர்களைப் பிடித்து இறங்கினார்கள். சுமித்ரா வீங்கிய மணிக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“நீ சொன்ன மாதிரிதான்டி பிடிச்சேன். எனக்கு இதெல்லாம் சரிப்படாது போல.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஜெசிந்தா கவிழ்ந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தப் போனாள். அன்வர் துண்டால் கையைக் கட்டினான். ஜெசிந்தா சுமித்ராவின் சைக்கிளையும் தன்னுடையதையும் தானே தள்ளிக்கொண்டு ஏறினாள். அப்படியும் குற்ற உணர்ச்சி குறையவில்லை.

பெட்டியோடு உச்சியை அடைந்ததும் கைதட்டல் காதைப் பிளந்தது. ஜெசிந்தாவிடம் கோப்பையை நீட்டிய குழுத் தலைவர் சுமித்ராவின் கையைப் பார்த்துச் சிரித்தார்.

“புதுசா வர்றவங்க பதறிப்போய்த் தப்பான பிரேக்கைப் பிடிச்சிடுவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சுமித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு மேல் ஜெசிந்தாவால் தாங்க முடியவில்லை.

“அவ பதறல சார். நான்தான் தப்பா சொல்லிக்கொடுத்தேன். என் சைக்கிள்ல பிரேக் மாறியிருக்கும். ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிடிச்சுப் பார்க்கச் சொல்லியிருந்தா போதும்.”

சிரிப்பு நின்றது. சுமித்ரா நிமிர்ந்து அவளையே பார்த்தாள்.

“கீழயே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“மேல ஏறி வர்ற வரைக்கும் என்னையே நான் திட்டிக்கிட்டு வந்தேன்டி.”

ஜெசிந்தா கோப்பையை வாங்கவில்லை. சுமித்ராதான் நல்ல கையால் வாங்கிக்கொண்டு, அன்வரை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வண்டியில் ஏறினாள்.