மூன்றாம் நம்பர் வர்ணம்

பெயிண்டர் நிமாய் மிஸ்திரி டப்பா மூடியை நெம்பித் திறந்த மறு நிமிஷமே ஜகதாம்பாளுக்குத் தெரிந்துவிட்டது, இது மூன்றாம் நம்பர் இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணி. துர்கா பூஜைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் அவர்கள் ஃப்ளாட். கூடத்துச் சாமான்கள் எல்லாம் நடுவில் குவிந்து பழைய வேஷ்டிகளுக்கு அடியில் கிடந்தன. சுவரில் நாலு பட்டைகள், பன்னிரண்டு நாளுக்கு முன்னால் மிஸ்திரி மாதிரிக்குப் பூசிவிட்டுப் போனவை. நாலும் பீஜ். "நாலும் ஒரே ஹார்லிக்ஸ்தானேடி, இதுல என்னத்தைப் பார்க்கறே?" என்று அவள் கணவர் பட்டாபிராமன் கேலி செய்த பீஜ்.

அவருக்கு என்ன தெரியும்? ஒன்றாம் நம்பர் காலையில் சாதுவாக இருந்துவிட்டுச் சாயங்காலம் ரோஸ் அடித்தது. இரண்டாம் நம்பர் ட்யூப்லைட்டில் காமாலைக் கண் மாதிரி மஞ்சளித்தது. நாலாம் நம்பர் மழை மூட்டத்தில் அழுது வடிந்தது. மூன்று மட்டும்தான் எந்த வேளையிலும் தன் நிறத்தில் நின்றது. அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்து பத்து நாள் பார்த்து, வியாழக்கிழமைதான் "மூணு" என்று தீர்மானமாகச் சொன்னாள்.

சிரிக்காதீர்கள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவளை யாரும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. பட்டாபிராமன் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் பெரிய அதிகாரியாக இருந்தவர், வீட்டுக்கும் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்துவிடுவார். ஃபேன் வாங்குவதிலிருந்து பிள்ளைக்குப் பெயர் வைப்பது வரை அவர் தீர்ப்புதான். அவருடைய அக்கா பக்கவாதம் வந்து படுத்தபோது, "நீ ஸ்கூலை விட்டுடு" என்றார். பதினாலு வருஷம் பார்த்த டீச்சர் வேலையை ஜகதாம்பாள் விட்டாள். ஒன்பது வருஷம் அந்த அம்மாளுக்கு வாயில் ஊட்டி, மலம் அள்ளினாள். முகம் சுளிக்கவில்லை. அப்படிப்பட்டவள் கையில் பிள்ளை ரஞ்சன் கலர் கார்டைக் கொடுத்து, "அம்மா, இந்தத் தடவை உன் சாய்ஸ்தான்" என்றபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

நம்பர் மாறிவிட்டது என்று மிஸ்திரியிடம் சொன்னாள். இல்லையே மாஷிமா, இது போன திங்கட்கிழமையே வந்து கீழே மாடிப்படிக்கு அடியில் இருக்கிறதே, புரோக்கர் பாபு சொன்ன இரண்டாம் நம்பர்தான், என்று பெங்காலியில் சித்தி முறை வைத்துச் சொன்னார் அவர்.

எந்தப் புரோக்கர்? கேட்க வாயெடுத்தவள் குளியலறைப் பக்கச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றாள். கொல்கத்தாவின் ஈரத்தில் வருஷா வருஷம் உப்புப் பூத்துப் பொருக்குத் தட்டும் சுவர் அது. சுரண்டி, பட்டி போட்டு, காயவிட்டு, அப்புறம்தான் வர்ணத்தைத் தொடுவார் நிமாய். இருபது வருஷமாக அவர் கை வேலை அப்படி. இன்றைக்கோ பொருக்கின் மேலேயே ரோலரை உருட்டிக்கொண்டிருந்தார்.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு அந்த நல்ல மனுஷர் தயங்காமல் பதில் சொன்னார். விற்கிற வீட்டுக்கு யாராவது பட்டி போடுவார்களா மாஷிமா? போட்டோவில் பளிச்சென்று தெரிந்தால் போதும், ஒரே கோட் என்று ரஞ்சன் பாபு சொல்லிவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்குப் பார்க்க வருகிறார்களாமே... அவளுக்குத் தெரியும் என்றே நினைத்துப் பேசினார், பாவம்.

ஜகதாம்பாள் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள். வீட்டை விற்கிறார்கள்! அவளிடம் சொல்லவில்லை. ஏன் திடீரென்று பெயிண்ட் என்று கேட்டுவிடக் கூடாதே என்று, கையில் ஒரு அட்டையைக் கொடுத்துச் சுவரைப் பார்க்க உட்கார்த்திவிட்டார்கள். அவள் நம்பர் சொல்லும் முன்பே டப்பா வந்து இறங்கிவிட்டது. அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பார்களே, அந்தக் கதை. அவளும் அதை ஆட்டிக்கொண்டு பத்து நாள் சந்தோஷமாக இருந்தாளே, அதை நினைக்க நினைக்கத்தான் உடம்பு கூசியது.

பத்து மணிக்கு நியூ டவுனிலிருந்து ரஞ்சனும் மருமகள் மாதவியும் வந்து சேர்ந்தார்கள். மாதவியைக் கண்டதும் ஜகதாம்பாளுக்கு ஆத்திரம் மூண்டது. இந்தப் பத்து நாளில் ஆபீஸ் விட்டு நாலு தடவை வந்தவள் அவள். பக்கத்திலேயே நின்று, "மூணுதான் உங்க மாதிரி இருக்கும்மா" என்று சொன்னவளும் அவளே.

"நன்னா நடிச்சேடி மாதவி," என்றாள். "வீட்டைப் பறிக்கணும்னா நேரா பறிச்சிருக்கலாம். எங்கூட நின்னு கலர் பார்த்தியே, அது எதுக்கு?"

மாதவிக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "அம்மா... உங்களுக்குத் தெரியாதா?" என்றவள் கணவன் பக்கம் திரும்பினாள். "அம்மா முழு மனசா ஒத்துண்டாச்சு, போறதுக்கு முன்னாடி வீட்டை அழகா பார்க்க ஆசைப்படறானு சொன்னியே ரஞ்சன். அதனாலதானே நான் ஓடி ஓடி வந்தேன்?"

ரஞ்சன் அறை வாசலில் வந்து நின்ற அப்பாவைப் பார்த்தான். எல்லாம் அப்பாவின் யோசனைதான் என்று முணுமுணுத்தான். நியூ டவுனில் எல்லோரும் சேர்ந்திருக்கப் பெரிய ஃப்ளாட், லிஃப்ட், அம்மாவுக்குத் தனி ரூம், எல்லாம் அம்மா முழங்காலை நினைத்துத்தான், என்று அடுக்கிக்கொண்டே போனான்.

ஜகதாம்பாள் கணவரிடம் போனாள். பத்திரத்தில் பாதி அவள் பெயர். அவள் டீச்சர் சம்பளத்தைக் காட்டித்தான் அன்றைக்கு வீட்டுக் கடனே கிடைத்தது. அவள் கையெழுத்தில்லாமல் விற்க முடியாது. ஆனால் அந்தக் கையெழுத்தைப் பற்றி அவருக்கு ஒருநாளும் கவலை இருந்ததில்லை. பாங்க் ஃபாரமோ, இன்ஷூரன்ஸோ, அவர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு நீட்டுவார், அவள் படிக்காமல் போடுவாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு, படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிக் கொடுத்தவள்!

"இதுலயும் பென்சில் குறி போட்டு வச்சாச்சா?" என்று கேட்டாள்.

பட்டாபிராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டாகிவிட்டது என்று அவள் தெரிந்துகொண்டாள்.

"சொன்னா அழுவே ஜகதா. உனக்கு பிபி வேற..." என்றார் கடைசியில்.

"அழுதிருப்பேன். நாலு நாள் அழுதுட்டு, உங்களுக்காகச் சரின்னுகூடச் சொல்லியிருப்பேன். நீங்க வீட்டை எடுத்துண்டது பெரிசில்ல. நான் அழறதுக்குக்கூட ஒரு நாள் ஒதுக்கலையே... உங்களோட முப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினவளா நான், இல்ல, இந்தச் சுவர்ல ஒரு ஆணியா?"

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாதவி மட்டும் அடுக்களையில் மாமியார் பக்கத்திலேயே நின்று, யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவினாள். நிமாயை வேலையை நிறுத்தச் சொல்லி அனுப்பினாள். ரஞ்சன் ஏதோ சொல்ல வந்தபோது, "நீ பேசாதே" என்று அவனை அடக்கினாள். ஜகதாம்பாள் அதைக் கேட்டுக்கொண்டாள். காலையில் அவளைப் பார்த்துத் தான் கொட்டின வார்த்தை அப்போதுதான் நெஞ்சில் குத்தியது.

"உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்டி கொழந்தே," என்றாள்.

"யாரா இருந்தாலும் அப்படித்தான்மா நினைப்பா," என்றாள் மாதவி, கையில் சோப்பு நுரையோடு.

நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. பட்டாபிராமன் எழுந்தார், என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியாமல் கூடத்திலேயே நின்றார். ஜகதாம்பாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். ஒரு இளம் வங்காளித் தம்பதி, பின்னால் புரோக்கர். அவர்களை உள்ளே கூப்பிட்டு, குவியலிலிருந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். இந்த வீட்டில் பாதி என்னுடையது, என்னை இன்னும் யாரும் கேட்கவில்லை, என்று அமைதியாக, சுத்தமான பெங்காலியில் சொன்னாள்.

புரோக்கர் பட்டாபிராமனைப் பார்த்தார். அந்தப் பெண் தன் கணவனைப் பார்த்தாள்.

அதிகாரி மனுஷர், மூன்றாம் மனிதர் முன்னால் ஒருநாளும் தலை குனியாதவர், மனைவிக்கு எதிரே வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "தப்புதான் ஜகதா," என்றார். "இப்பக் கேக்கறேன். விக்கலாமா?"

"வேண்டாம்," என்றாள் ஜகதாம்பாள்.

ஒரே வார்த்தை. குரல்கூட உயரவில்லை. பட்டாபிராமன் தலையை ஆட்டிவிட்டு, வந்தவர்களிடம் திரும்பி, மன்னித்துக்கொள்ளுங்கள், வீடு விற்பதற்கில்லை என்று தானே சொன்னார்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. மாதவி ஓடி வந்து கட்டிக்கொள்ள, அவள் தோளில் முகம் புதைத்து, வந்தவர்கள் எதிரிலேயே, வாய்விட்டு அழுதாள். யாரும் அவளை நிறுத்தவில்லை.