ஐம்பத்தெட்டாம் எண் எலி

"உறைய வைத்த எலி, எல்லா அளவிலும்" என்று கைப்பேசியில் வந்த விளம்பரத்தின் முகவரியைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அது நான் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த கட்டடம். ஆராய்ச்சி நிலையத்தின் எலிக்கூடம். நிலையத்தை மூடிப் பதினைந்து வருடமாகிறது. எங்கள் கராகாண்டா நகரில் அந்தப் பக்கம் பேருந்துகூட இப்போது போவதில்லை.

இருந்தாலும் போனேன். வேறு வழியில்லை. வீட்டில் மலைப்பாம்பு ஐந்து மாதமாக எதையும் தொடவில்லை.

ஜனவரி மாதம், காலை பத்து மணி, மூக்கு மயிர்கூட உறையும் குளிர். பின்கதவைத் தட்டினேன். திறந்தவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தோல் தொப்பி, கண்ணுக்குக் கீழே கருவளையம். பெயர் தெமிர்காலி என்றான். உள்ளே காலெடுத்து வைத்ததுமே எனக்கு உறுத்தியது.

எலி வாடையே இல்லை.

எலி வளர்க்கும் இடத்தில் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். எவ்வளவு கழுவினாலும் சுவரை விட்டுப் போகாது. என் கணவர் உயிரோடு இருந்தவரை அந்த வாடைக்காகவே என்னைச் சீண்டிக்கொண்டிருப்பார். இங்கே பழைய சுண்ணாம்பும் ஈர இரும்பும்தான் மணத்தன. கீச்சென்ற ஒரு சத்தமும் இல்லை.

"எங்க தம்பி வளக்குற?"

"கீழ வளக்குறேன், அக்கா."

அந்தக் கட்டடத்துக்குக் கீழ்த்தளம் கிடையாது. எனக்குத் தெரியாதா? ஆனால் பொய் சொல்கிறவனை உடனே மடக்கக் கூடாது, அவன் இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று விடுவது என் வழக்கம்.

மூலையில் பழைய நீளமான உறைபெட்டி. மூடியைத் தூக்கி ஒரு பையை எடுத்து நீட்டினான். தூக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டதைக் கவனித்தேன். பையில் நான்கு எலிகள். தலையும் தோளும் கறுப்பு, மற்ற இடமெல்லாம் வெள்ளை. பாம்பு வளர்ப்பவர்கள் எலிக்குஞ்சுகளை அம்மணம், பஞ்சு, ஓட்டக்காரன் என்று வயதை வைத்துப் பிரிப்பார்கள். இவை ஓட்டக்காரனைத் தாண்டிய இளவயது எலிகள். பாம்பின் உடம்பில் எந்த இடம் அதிகப் பருமனோ, அந்த அளவுக்குமேல் எலி போகக் கூடாது. விரலால் சுற்றி அளந்தேன். பல் பார்த்தேன். வயிற்றை அமுக்கினேன். விஷம் வைத்துப் பிடித்த எலியென்றால் மூக்கோரம் ரத்தம் இருக்கும், அதையும் தேடினேன்.

"மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி இப்படி உத்து உத்துப் பாக்குறீங்களே" என்றான் தெமிர்காலி.

"மாப்பிள்ளைய அப்பறமா திருத்திக்கலாம். எலி கெட்டுப்போயிருந்தா என் பாம்பு செத்துரும்."

குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான்கும் ஒரே எடை, ஒரே நீளம். அந்த ஒற்றுமையே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. விலையும் சந்தையில் பாதி. வாங்கிக்கொண்டு நடந்தேன்.

பாம்பு என் மகன் மிராஸுடையது. எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், சாட்டை என்பார்கள். அந்தச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்துவிட்டான், எங்கள் மொழியில் கம்ஷி என்று. இரண்டு வருடத்துக்கு முன் அவன் கொரியாவுக்கு மீன் கிடங்கு வேலைக்குப் போனபோது அதை என்னிடம் விட்டுப் போனான். எனக்கும் அவனுக்கும் பேசிக்கொள்ள அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "கம்ஷி சாப்பிட்டுச்சா?" என்பான். சாப்பிட்டது என்பேன். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசுவோம். என்னைப் பற்றிக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். அதனால் ஐந்து மாதமாகப் பொய் சொல்லி வந்தேன். சந்தை வெள்ளெலி, சுண்டெலி, காடைக்குஞ்சு என்று எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். கம்ஷி முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதுகெலும்பு வரிசையாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அது செத்தால் மகனோடு எனக்கிருந்த பேச்சும் செத்துப்போகும். அதுதான் என் பயம்.

அன்று சாயங்காலம் ஓர் எலியை வெந்நீரில் போட்டு உருக்கி, துடைத்து, நீண்ட இடுக்கியால் பிடித்துக் கூண்டுக்குள் ஆட்டினேன்.

கம்ஷி பாய்ந்து கவ்வியது.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தாறு வயதுப் பொம்பளை, பாம்பு சாப்பிட்டதற்கு அழுகிறாள் என்று யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மிராஸிடம் சாப்பிட்டது என்று உண்மையாகவே சொல்ல எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா!

அடுத்த வாரம் இரண்டாவது எலியைத் துடைக்கும்போதுதான் காதைப் பார்த்தேன்.

எலிக்கூடத்தில் பெயர் கிடையாது, எண்தான். வலது காதில் போடும் வெட்டுகள் எண்ணின் ஒன்றுகளைக் குறிக்கும், இடது காதில் போடுபவை பத்துகளை. வெட்டு எந்த ஓரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துப் படித்துவிடலாம். இருட்டில்கூட விரலால் தடவிப் படிப்பேன். இந்த எலியின் எண் ஐம்பத்தெட்டு.

பையில் மீதியிருந்த இரண்டையும் எடுத்து விளக்கடியில் பிடித்தேன்.

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு.

பின்னங்காலில் ஒரு விரல் இல்லை. இரண்டுக்கும் அதே கால், அதே விரல். வெட்டின் ஓரத்தில் ஒரு துளித் தோல் தொங்கியது. என் வெட்டுக்கருவியின் ஒரு பக்கம் உடைந்திருந்ததால், நான் போட்ட வெட்டுகளில் மட்டும் அப்படித் தொங்கும்.

என் பழைய கருவி தெமிர்காலி கையில் சிக்கியிருக்கிறது, வேண்டுமென்றே விளையாடுகிறான் என்று முதலில் நினைத்தேன். என்னைப் பற்றி யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். யார் சொல்லியிருப்பார்கள் என்று கூட வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஆனால் ஐம்பத்தெட்டைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

இங்கே சொல்கிறேன். நிலையத்தை மூடிய நாளில் எல்லா எலிகளையும் கொன்று முடிக்கச் சொல்லி உத்தரவு. நான்தான் கொன்றேன், முந்நூற்றுச் சொச்சம். கடைசியாக ஐம்பத்தெட்டு மிஞ்சியது. மிராஸ் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதோடுதான் கொஞ்சுவான். எலிகளைக் கொல்லும் வாயு தீர்ந்துவிட்டது. கழுத்தைத் திருக எனக்குக் கை வரவில்லை. குளிரில் தானாகத் தூங்கிப்போகும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, உயிரோடு அதே நீளமான உறைபெட்டிக்குள் வைத்து மூடினேன். கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பிறாண்டும் சத்தம் கேட்டது. திறக்காமல் போய்விட்டேன். மிராஸிடம், ஒரு நல்ல வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். இன்றுவரை அதை நம்புகிறான்.

கருணை என்றுதான் அப்போது நினைத்தேன். பாவி நான்.

உருகிய எலியைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. கம்ஷியோ நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. கொடுத்தேன். விழுங்கியது. வயிற்றில் மேடு தெரிந்தது. மறுநாள் காலையில் மேடு இல்லை. இரண்டு நாளாவது தெரிய வேண்டும். தராசில் வைத்தேன். போன வாரத்தைவிடப் பதினைந்து கிராம் குறைவு. கூண்டில் கழிவு என்று ஒரு துளிகூட இல்லை. இரண்டு எலி தின்ற பாம்பு!

எனக்குச் சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. மூன்றாவது எலியின் வாலில், காயத்துக்குப் போடும் பச்சை மருந்தைத் தடவினேன். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும், பட்டால் பத்து நாளைக்குப் போகாது. அந்த எலியைக் கம்ஷிக்குக் கொடுத்தேன். வாலின் பச்சை நுனி வாய்க்குள் போய் மறையும்வரை கூண்டுக்கு முன்னாலேயே நின்றேன்.

காலையில் வீட்டு உறைபெட்டியைத் திறந்து பையைப் பார்த்தேன். ஓர் எலிதான் மிச்சம்.

அதன் வால் பச்சையாக இருந்தது.

அப்படியே பையைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வெட்டவெளியில் நடக்கும்போது எங்காவது எறிந்துவிடலாமா என்று தோன்றியது. எறிந்தால் திரும்ப எங்கே வந்து கிடக்குமோ என்று கூடவே தோன்றியது.

எலிக்கூடத்தில் தெமிர்காலி சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். பையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனான்.

"திருப்பி எடுக்க மாட்டேன், அக்கா."

"கீழ்த்தளத்தக் காட்டு."

"இல்ல." அவன் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "கீழ ஒண்ணும் இல்ல. நான் ஒரு எலிகூட வளக்கல. வாடகைக்கு வந்த அன்னைக்கு அந்தப் பெட்டில ஒரே ஒரு எலி கெடந்துச்சு. ஒருத்தன் தான் வளக்குற பருந்துக்குன்னு வாங்கிட்டுப் போனான். மறுநாள் தொறந்தா ரெண்டு. வித்தா வருது. விக்காட்டி…"

"விக்காட்டி?"

"சத்தம் போடுது."

இருவரும் பெட்டியைப் பார்த்தோம்.

"பொறவு எதுக்கு விளம்பரம் போட்ட?" என்றேன்.

"எந்த விளம்பரம்? தெரிஞ்சவங்க வந்து வாங்குவாங்க, அவ்வளவுதான். நீங்க யாரு சொல்லி வந்தீங்கன்னு நானே கேக்கணும்னு இருந்தேன்."

கைப்பேசியை எடுத்துத் தேடினேன். விளம்பரம் இல்லை.

அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். அறையில் நான் மட்டும்.

பையிலிருந்த எலியை எடுத்தேன். உறைந்து கட்டையாக இருந்தது. அதனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சூடுபடுத்திப் பார்த்திருக்கலாம், எங்காவது புதைத்திருக்கலாம். என்னென்னவோ செய்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு இருந்தது ஒரே ஒரு எண்ணம்தான், இது என் கையை விட்டுப் போக வேண்டும்.

பெட்டிக்குள் வைத்தேன்.

மூடினேன்.

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறாண்டும் சத்தம் கேட்டது.

இரண்டாவது தடவையும் நான் திறக்கவில்லை.

தெமிர்தாவ் ஊரில் ஒரு பெண்மணி எலி வளர்க்கிறாள். நாறும் வீடு, கொழுத்த எலிகள், எல்லாம் முறையாக இருந்தன. அவளிடம் வாங்கி வந்தேன். கம்ஷி மோந்துகூடப் பார்க்கவில்லை. மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் கூண்டின் ஓரத்தில் சுருளாமல் நீளமாகக் கிடந்தது. அறுத்துப் பார்த்தேன், அது என் பழைய தொழில்தானே. குடல் முழுக்கக் காலி. ஒரு மயிர், ஓர் எலும்புத்துண்டு இல்லை. எங்கள் வழக்கப்படி தலையில் பால் ஊற்றித் துணியில் சுற்றி வைத்தேன். மண் இன்னும் தோண்ட முடியாத அளவுக்கு உறைந்து இறுகிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை திரையில் மிராஸ் முகம் வந்ததும், எப்படியும் சொல்லிவிடுவது என்று மூச்சை இழுத்தேன்.

"மிராஸ், கம்ஷி போயிருச்சுப்பா."

கத்துவான், அல்லது அழைப்பைத் துண்டித்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ, "பரவால்லம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான். பிறகு சிரித்தான். "எனக்கும் இங்க ஒரு துணை கெடச்சிருக்கு. உங்ககிட்டச் சொல்லணும்னே இருந்தேன்."

அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறான். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். இப்படி அவன் பேச வேண்டும் என்றுதான் நான் ஏங்கினேன். அந்தத் துணை கிடங்கின் குளிரறையில் மீன் பெட்டிகளுக்கு நடுவில் விறைத்துக் கிடந்ததாம். உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதிச் சூடாக்கினானாம். அரை மணி நேரத்தில் கண்ணைத் திறந்ததாம்.

"நான் சின்ன வயசுல வெச்சிருந்தேனே, நீங்ககூட நல்ல வீட்டுக்குக் குடுத்தீங்களே, அதே மாதிரி இருக்கும்மா. தல கறுப்பு. ஆனா எதையும் திங்க மாட்டேங்குது. ராத்திரி முழுக்க என் நெஞ்சு மேல படுத்துக்குது. சூடு வேணும் போல."

"அதை வெளியே விட்டுரு. என் கண்ணுல்ல, அதைத் தொடாத."

"பாம்பு வளத்த பொம்பள எலிக்குப் பயப்படுறீங்களே!"

சிரிக்கும்போது அவன் கன்னம் உள்ளே போயிருந்தது. சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன்.

"ரெண்டு மடங்கு சாப்புடுறேன். ஏனோ எட ஏற மாட்டேங்குது."

நான் செய்ததைச் சொல்லிவிட்டால் பயந்தாவது அதை விட்டுவிடுவான். அதன்பிறகு என்னோடு பேச மாட்டான், பேசாவிட்டாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்கட்டும். நேற்று அந்த முடிவோடுதான் கூப்பிட்டேன். "மிராஸ், அந்தப் பழைய எலிய நான்…" என்று ஆரம்பித்தேன்.

"இருங்கம்மா, இருங்க" என்று ரகசியமாகச் சொல்லி, கைப்பேசியைத் தன் நெஞ்சுக்கு நேராகத் திருப்பினான். "இன்னும் ஏதாவது பேசுங்க. உங்க குரலக் கேட்டா மட்டும் எழுந்து உக்காருது."