ரேடியோ பேசாத நாள்

வேன் நின்றதும் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு இறங்கினார்கள். காட்டோரத்தில் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த முகாம் கட்டடம் அது. ஏறு சுவர், கயிற்றுப் பாலம், படகுக் கொட்டகை எல்லாவற்றையும் பழுதுபார்த்து மறுபடி திறக்கத்தான் இந்த மௌனச் சவால். காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயைத் திறக்காத ஒவ்வொரு பிள்ளையின் பேரிலும் தெரிந்தவர்கள் முகாமுக்கு நன்கொடை தருவார்கள்.

பிள்ளைகளை அழைத்து வந்த விளையாட்டு டீச்சரின் மகளும் அவர்களில் ஒருத்தி. வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்றுதான் பெயர். தூக்கத்திலும் பேசுகிற பிள்ளை. இவள் அரை மணி நேரம் தாங்கினால் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று வேன் டிரைவர் கேலி செய்திருந்தார். அந்த ரோஷத்தில் அவள் உதட்டைக் கடித்தபடி கூடத்தின் மூலையில் போய் உட்கார்ந்தாள்.

முகாம் காவலாளிதான் ஒரே தொல்லை. துடைப்பத்தோடும் சுவரோடும் ஓயாமல் பேசிக்கொண்டே பெருக்கினார். பிள்ளைகளுக்குச் சிரிப்பு முட்டியது. சவால் கெட்டுவிடும் என்று டீச்சர் அவரை வெளியே இருக்கச் சொன்னாள்.

"இங்க யாராவது பேசிக்கிட்டே இருக்கணும் டீச்சர்," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "அமைதியா விட்டா நல்லா இருக்காது."

வயதானவர் ஏதோ உளறுகிறார் என்று அவள் கதவைச் சாத்தினாள்.

முதலில் பறவைகளின் சத்தமும் யாரோ ஒருவனின் வயிறு இரைகிற சத்தமும் கேட்டன. மதியத்துக்கு மேல் அவையும் அடங்கின. ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்தது போன்ற வாடை கூடத்தில் பரவியது. கூரைமேல் அணில் ஓடியது ஜன்னல் வழியே தெரிந்தது, ஓசை மட்டும் வரவில்லை. டீச்சர் மெல்லக் கனைத்துப் பார்த்தாள்.

கனைப்பு அவளுக்கே கேட்கவில்லை.

காது அடைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அப்போதுதான் மகள் வந்து கையை இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், பிறகு மூலையைக் காட்டினாள். அங்கே தண்ணீர் கேன் இருந்தது. மறுபடியும் தொண்டை, மறுபடியும் மூலை. பாவம், தாகம் என்று நினைத்தாள் தாய். இவ்வளவு நேரம் தாக்குப்பிடித்துவிட்டாளே என்று பெருமை பொங்கியது. தாராளமாக என்பதுபோல் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

மகள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு மூலைக்குத் திரும்பிப் போனாள்.

சாயங்காலம் விசில் ஊதியதும் பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். வேன் டிரைவர் மீசையைத் தடவியபடி தோல்வியை ஒப்புக்கொண்டார். ரேடியோ வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

வெறும் காற்றுதான் வந்தது.

தாய் முதலில் அதட்டினாள், பிறகு கெஞ்சினாள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை, தானாகச் சரியாகும் என்றார்கள் டாக்டர்கள். ஆகவில்லை. மகளின் பேச்சில்லாத வீட்டில் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒரு நாள் பள்ளி விட்டதும் தனியாக முகாமின் அந்தக் கூடத்துக்குப் போனாள். காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

மூலையிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அம்மா, இந்த அக்கா என் குரலைக் குடுன்னு கேக்கறாங்க. குடுக்கட்டுமா?"

அவள் மூலையை நோக்கி ஓடினாள்.

"வேணாம்டி கண்ணு. குடுக்காதே."

குரல் சிரித்தது. அது மகளின் சிரிப்பு இல்லை.

"நீங்கதானே தலையாட்டினீங்க."

வீட்டுக்கு வந்து கணவனிடம் அழுது சொன்னாள். ஓய்வெடு, எல்லாம் மனப்பிரமை என்று அவர் தோளைத் தட்டினார். அவளால் ஓய்வெடுக்க முடியவில்லை. ஒரு அறையும் அமைதியாக இருந்துவிடக் கூடாது என்று சமைக்கும்போதும் துவைக்கும்போதும் பேசிக்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு நின்றுபோனது.

அடுப்பில் குக்கரிலிருந்து ஆவி பீறிட்டது. அதன் சத்தம் கேட்கவில்லை.

அவள் சமையலறையிலிருந்து வீட்டுக் கூடத்துக்கு ஓடினாள். மகள் அப்பாவின் நாற்காலி அருகே நின்று தன் கண்களைத் தொட்டுக் காட்டினாள், பிறகு மூலையைக் காட்டினாள்.

செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுக்காமலே அவர் சரி சரி என்று தலையாட்டினார்.