செலிமா தோட்டத்துப் பெரட்டு

நேற்று ஐவி தன் கையால் அழித்த மெசின், இன்று சாயங்காலம் கூப்பிடாமலேயே பதில் சொன்னது.

அவள் அதை உடனே கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை, விடாத மழை, கீழே காப்பிக்கடைக்காரன் மத்தியானத்திலிருந்து மார்ஜரின் போட்டுக் கொட்டை வறுத்துக்கொண்டிருந்த வாசம் மரப்படி வழியாக ஏறிக் கம்ப்யூட்டர் அறையின் குளிருக்குள்ளும் புகுந்திருந்தது. ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, கைப்பையில் குடை இருக்கிறதா என்று துழாவியபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டேதான் அன்றைய கடைசிப் பெரட்டை ஓட்டினாள். திரையில் பச்சை எழுத்துகள் விழுந்தன. மெராந்தி: இருக்கேன். கெலாடி: இருக்கேன். அத்தோடு முடிய வேண்டும். அவள் விளக்கை அணைக்கக் கை நீட்டிய பிறகு இன்னொரு வரி வந்தது.

செலிமா: இருக்கேன்.

மெசின்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்தப் புரோகிராமுக்குப் பெரட்டு என்று பெயர் வைத்தவளும் அவள்தான். செலிமா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறென்ன பெயர் தோன்றும்? தோட்டத்துப் பெரட்டுக்கு இருட்டு விலகுமுன் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். ஆபீஸ் முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்க, வேலை வாங்கும் தண்டல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பதில் சொன்னவருக்கு அன்றைய பேரும் கூலியும் உண்டு, சொல்லாதவருக்கு வெட்டு. அண்ணன் சூசை காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் அம்மா தன் பெயருக்கு ஒரு குரலிலும் மகன் பெயருக்கு இன்னொரு குரலிலும் பதில் சொல்வாள். தண்டலுக்கும் தெரியும். யாரும் பெரிதுபடுத்தியதில்லை. வீட்டில் ஒருத்தர் இல்லையென்றால் இன்னொருத்தர் "இருக்கு" என்று சொல்லிவிடுவது அங்கே வழக்கம்.

ஈப்போவில் ஐவி வேலை பார்க்கும் தோட்டக் கம்பெனியின் தலைமை ஆபீசுக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தைந்தில். கோலாலம்பூரில் யாரோ போதும் என்று கழித்துவிட்டது. மூன்று தோட்டங்களுக்கு மூன்று கம்ப்யூட்டர் வாங்க முதலாளிக்கு மனசில்லை. அதனால் ஐவி அந்த ஒன்றுக்குள்ளேயே மூன்றை உண்டாக்கினாள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நினைவிடம், கொஞ்சம் டிஸ்க், அந்தந்தத் தோட்டத்தின் பெயர். தொட்டுப் பார்க்க அவை எங்கும் இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் தன்னை முழு மெசின் என்றே நம்பிக்கொண்டு ஓடியது. தோட்டத்து ஆபீஸ்களில் இருந்த டெர்மினல்கள் டெலிபோன் லைன் வழியாக அவற்றோடு பேசும். எது உயிரோடு இருக்கிறது, எது படுத்துவிட்டது என்று பார்க்கத்தான் பெரட்டு. மூன்று தரம் கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அந்த மெசினை வெட்டி எறிந்துவிடும்படி எழுதியிருந்தாள். இரக்கமில்லாத புரோகிராம் என்று அண்ணன் கேலி செய்வான்.

செலிமா தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றாயிற்று. ஆட்கள் டவுன் பக்கத்துத் தாமான் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். நேற்று அவள் செலிமா மெசினை நிறுத்தி, அதன் நினைவிடத்தை மற்ற இரண்டுக்கும் பங்கு போட்டு, டிஸ்க்கையும் துடைத்திருந்தாள்.

"சார், செலிமா பதில் சொல்லுது" என்றாள் வாசலில் மழைக்கோட்டோடு நின்ற மேனேஜர் அர்ச்சுனனிடம்.

"பழைய மெசின்லா ஐவி. நேத்து அழிச்சா இன்னிக்கே மறந்திடுமா? தாப்பா, பரவால்ல, திங்கக்கெழம பாத்துக்கலாம்." படியில் இறங்கிக்கொண்டே சொன்னார், "சூசை வந்தா வேன் சாவிய வாங்கி வச்சிரு."

சூசைநாதன் காலையில் செலிமாவுக்குப் போனவன். பூட்டிக் கிடந்த ஆபீசிலிருந்து டெர்மினலையும் மோடத்தையும் கழற்றிக்கொண்டு வர வேண்டும். மழையாக இருக்கிறதே என்று தயங்கியவனை, சாமான் காணாமல் போனால் என்னைத்தான் கேட்பார்கள் என்று சொல்லி அனுப்பியது ஐவிதான். அம்மாவுக்குப் பிறகு அவளுக்கு என்று இருப்பது அவன் ஒருத்தன். அம்மா இன்னும் செலிமாவில்தான் கிடக்கிறாள், ரப்பர்ப் பால்மரங்களின் ஓரத்தில், ஒரு சிமெண்டுச் சிலுவைக்குக் கீழே. புல்டோசர் வருவதற்குள் எடுத்து மாற்ற வேண்டுமென்று இருவரும் சொல்லிக்கொண்டே நாளைக் கடத்திவிட்டார்கள்.

மத்தியானமே வந்திருக்க வேண்டியவன். இன்னும் வரவில்லை.

அவள் உட்கார்ந்தாள். சும்மா இருந்தால் நினைப்பு ரோட்டுக்கே போகும், கோளாறு பார்ப்பது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் மெசின்களைக் காட்டச் சொன்னாள். இரண்டுதான் காட்டியது. நினைவிடத்தைக் கூட்டிப் பார்த்தாள், முழுவதும் அந்த இரண்டிடமே இருந்தது. டிஸ்க்கில் செலிமாவின் பங்கு துடைத்த தரையாக இருந்தது. அப்படியானால் பதில் எங்கிருந்து வந்தது? நிற்க இடமில்லாமல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஒருவேளை அண்ணன்தான் டெர்மினலைக் கழற்றுமுன் விளையாடுகிறானோ? செலிமா ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்கு எடுபிடியாக இருந்த காலத்தில் இப்படித்தான் டெர்மினலில் அவளுக்குச் செய்தி அடிப்பான். ஒரே விரலால், எழுத்தைத் தேடித் தேடி. 'சாப்பிட்டியா' என்ற ஒரு வார்த்தை வந்து சேர்வதற்குள் இவள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பாள்.

ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தாள். 'அண்ணே, நீயா?'

மேசைமேல் இருந்த மோடத்தின் சிறு ஸ்பீக்கர் தானாக உயிர்பெற்றது. லைன் சேரும்போது வரும் கீச்சொலி இல்லை. மழை கேட்டது. தகரத்தில் விழும் ஈப்போ மழை இல்லை, இலைமேல் இலையாக வழிந்து கீழே இறங்கும் காட்டு மழை. அதற்கு அடியில், மெதுவாக, சீராக, யாரோ இரும்பில் இரும்பைத் தட்டினார்கள்.

டங். டங்.

மோடத்திலிருந்து டெலிபோன் வயரைப் பிடுங்கினாள். வயர் கையோடு வந்தது. சத்தம் போகவில்லை.

காப்பி வாசம் எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஏர்கானிலிருந்து வேறொரு வாடை இறங்கியது. புளித்த ரப்பர் பால், நனைந்த சாக்கு, இருட்டில் பால் வெட்டத் தலையில் கட்டும் விளக்கின் மண்ணெண்ணெய்ப் புகை. வேலைக்குப் போய்த் திரும்பிய அம்மாவின் சேலையில் இருந்த வாடை. சின்ன வயதில் அதில் முகம் புதைத்துத் தூங்கியிருக்கிறாள். இப்போது ஸ்வெட்டர் கழுத்தை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

திரையில் பெரட்டு ஓட ஆரம்பித்தது. அவள் எதையும் தொடவில்லை.

மாயாண்டி: இருக்கேன்.

மாயாண்டி, ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டையில் விழுந்து செத்தபோது ஐவி ஆறாம் வகுப்பு. பிணத்தைப் பார்க்க எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள்.

இருளாயி: இருக்கேன்.

பிரசவத்தில் போனவள்.

பத்துமலை: இருக்கேன். கருப்பம்மாள்: இருக்கேன். ஒவ்வொரு பெயருக்கும் இடையில் ஒரு ஆள் ஓரடி முன்னால் வந்து நிற்கும் அளவு இடைவெளி விட்டு, அவசரமே இல்லாமல், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்து வரிசை தன் வீட்டுப் பக்கம் நெருங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போக வேண்டும் என்று நினைத்தாள். நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள், அதற்குள் அடுத்த பெயர் விழுந்தது.

ரோசம்மா.

அம்மாவின் பெயர். உடனே பதில் வந்தது. இருக்கேன்.

ஐவிக்கு அழுகை வந்தது. பயத்தில்தான், ஆனால் பயம் மட்டும் இல்லை. திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டாள். கண்ணாடி ஈரமாக இருந்தது.

அடுத்த வரி.

சூசைநாதன்.

பதில் இல்லை. கர்சர் துடித்தது. மழை. இரும்பு.

சூசைநாதன். இரண்டாவது தரம்.

பதில் இல்லை.

ஈர ரோடு, பழைய வேன், வழுக்கும் டயர் எல்லாம் ஒரே நேரத்தில் அவள் தலைக்குள் வந்தன. மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் வெட்டு. அப்படி எழுதியது அவள்தானே. வெட்டி எறி என்று அவள் கைதானே அடித்தது? அண்ணே, சொல்லு. எங்கிருந்தாலும் சொல்லிடு.

சூசைநாதன். மூன்றாவது தரம்.

அம்மா செய்ததைத்தான் அவளும் செய்தாள். யோசிக்கவில்லை. 'இருக்கு' என்று அடித்துத் தட்டினாள்.

இரும்புச் சத்தம் நின்றது. 'பெரட்டு முடிந்தது' என்று ஒரு வரி வந்தது, அவளே எழுதிவைத்த வரி. ஏர்கான் வழக்கம்போல் உறுமியது. வறுத்த காப்பியின் வாசம் திரும்பி வந்தது. ஐவி நாற்காலியில் சாய்ந்து ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தாள். வாய்விட்டுக்கூடச் சொன்னாள். வேன் சத்தம் கேட்கும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மேசை டெலிபோன் அடித்தது.

"ஐவி? நான்தான்லா."

பின்னால் காப்பிக்கடைச் சத்தம், கிண்ணங்கள், யாரோ ஹொக்கியன் சீனத்தில் ஆர்டர் கொடுக்கும் குரல். அவளுக்கு உயிர் வந்தது. "எங்கண்ணே இருக்க? ஏன் இவ்வளவு நேரம்?"

"ஆயர் தாவார் டவுன்ல, காப்பிக்கடைல. ரோட்டுல தண்ணி ஏறிடுச்சு, இப்பதான் வடியுது. சாமான்லாம் வேன்ல பத்திரமா இருக்கு. காலையிலேயே கழட்டிட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னான், "ஐவி, அங்க யாரோ பேர் கூப்பிட்டாங்க."

அவள் ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள்.

"மழைக்காக ஆபீஸ்லயே உக்காந்திருந்தேன். காலியான எடம், ஒரு ஆள் இல்ல. பெரட்டு நடக்குற மாதிரியே சத்தம். அப்புறம் என் பேரு. நான் வாயத் தொறக்கல. தெரியாத குரல் கூப்பிட்டா பதில் சொல்லாதீங்க, மூணு தரத்துக்கு மேல அதுக்கு உரிமை இல்லன்னு அம்மா சொல்லுவாங்கல்ல? ரெண்டு தரம் கூப்பிட்டுச்சு. வேன எடுத்துட்டேன். கேட் தாண்டுறப்போ மூணாவது. அதோட விட்டிருக்கணும்."

"அண்ணே..."

"யாரோ இருக்குன்னு சொன்னாங்க. வேனுக்குள்ளயே. பின் சீட்டுலேருந்து." குரல் தாழ்ந்தது. "உன் குரல் மாதிரியே இருந்துச்சு, ஐவி."

தெரியாத குரலுக்குப் பதில் சொல்லாதே என்று அம்மா அவளிடமும்தான் சொல்லியிருந்தாள். இருவரையும் இரண்டு பக்கமும் படுக்கவைத்துக்கொண்டு, பலமுறை. ஐவிக்கு இப்போது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது.

"அண்ணே, அங்கேயே இரு. கடைய விட்டு வெளிய போவாத. நான் சார்கிட்ட சொல்லி..."

அவன் கேட்கவில்லை. "வெளிய ஆளுங்க நிக்கிறாங்க" என்றான். "மழையில, வரிசையா. தலையில வெளக்கு. நடுவுல ஒரு எடம் விட்டிருக்காங்க." பிறகு, சிறு பிள்ளையின் குரலில், "அம்மா கைய நீட்டுறாங்க, ஐவி."

ரிசீவர் எதிலோ மோதும் சத்தம். ஊசலாடும் சத்தம். கிண்ணங்கள். ஹொக்கியனில் யாரோ எதையோ கேட்டார்கள்.

"அண்ணே. அண்ணே."

டங்.

மோடத்திலிருந்து.

சுவரில் இருந்த, மின்சாரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தாள். அறை மொத்தமும் அணைந்தது. ஏர்கான் நின்றது. டிஸ்க்குகள் சுழன்று, முனகி, ஓய்ந்தன. மின்சாரமே இல்லாத அறையில் திரை மட்டும் பச்சையாக நின்றது.

மாயாண்டி. இருளாயி. பத்துமலை. கருப்பம்மாள். ரோசம்மா.

சூசைநாதன்: இருக்கேன்.

கதவுக்கு ஓடினாள். கைப்பிடி திரும்பவில்லை. ஈரமாக இருந்தது. விரலில் ஒட்டியது, ரப்பர் பால் மாதிரி.

ஐவி.

அவள் பெயர். திரையில்.

பதில் சொல்லாதே. வாய் திறக்காதே. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கீபோர்ட் எட்டாத தூரத்தில், கதவில் முதுகை ஒட்டி நின்றாள். மூச்சு விரல்களுக்குள் சுட்டது.

ஐவி. இரண்டாவது தரம்.

இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று. அதோடு உரிமை இல்லை.

ஐவி.

அவள் பதில் சொல்லவில்லை. கர்சர் துடித்தது. வெகுநேரம் துடித்தது. போய்விடும். வெட்டிவிடும். வெட்டட்டும்.

ஆள் இல்லாத கீபோர்டில் ஒரு கட்டை தானாக அமுங்கியது. திரையில் ஒரு எழுத்து விழுந்தது. இடைவெளி. ஒரே விரலால், அடுத்த எழுத்தைத் தேடித் தேடி அடிப்பவனின் இடைவெளி.

இ

ரு

க்

கு