நாற்பத்து மூன்றாம் பக்கம்

விண்ணப்பங்கள் ஆறு. ஒவ்வொன்றிலும் ஏழு தாள், ஆக நாற்பத்திரண்டு. தலைமை நூலகருக்கு எண்ணத் தெரியாது என்று அவளைப் பிடிக்காதவர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள். இருபத்தாறு வருடமாக எண்ணியே பிழைப்பு நடத்துகிறவள். மத்தியானம் தன் கையால் எண்ணி, ஓட்டை போட்டு, நாடா கட்டி மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் கட்டுக்குள் நாற்பத்து மூன்று தாள் இருந்தது.

கடைசித் தாளைப் பிரித்தாள். வேலை: நூல் கொள்முதல் உதவியாளர். பெயர் எழுத வேண்டிய இடம் காலி. முன் அனுபவம் என்ற இடத்தில், வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த சீரான கையெழுத்தில், 'ஒன்பது ஆண்டுகள், இதே நூலகத்தில்' என்று எழுதியிருந்தது. முந்தைய வேலையை விட்டதற்கான காரணம்: 'கதவைப் பூட்டிவிட்டார்கள்.' தாளின் அடியில் நூலகத்தின் வட்ட முத்திரை, ஊதா மையில். விரலால் தொட்டுப் பார்த்தாள். மை இன்னும் காயவில்லை.

புதிதாக வருகிற எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் ஒரு முத்திரை விழும், அது ஊருக்கே தெரியும். இன்னொன்று உள்ளே ஒரு ரகசியப் பக்கத்தில் விழும். திருடுகிறவன் முதல் பக்கத்தைக் கிழித்தாலும் புத்தகம் யாருடையது என்று அது காட்டிக்கொடுக்கும். இந்த நூலகத்தில் அது நாற்பத்து மூன்றாம் பக்கம். அதை அறிந்தவர்கள் இரண்டே பேர்: தலைமை நூலகர், கொள்முதல் உதவியாளர். அந்த உதவியாளருக்கு முத்திரைக்காரி என்றே பெயராகிவிட்டது. எந்நேரமும் அவள் விரல் நுனி ஊதாவாகத்தான் இருக்கும். அவள் செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது.

தாளை உருவி நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். யாரோ வேண்டாதவன் பண்ணிய வேலை, அவ்வளவுதான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"என்ன மேடம், யாரைப் போடுறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்களா, இல்ல நான் வந்ததுக்கு ஒரு காபியாவது மிச்சமா?" என்று சிரித்துக்கொண்டே நூலகக் குழுத் தலைவர் உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் பகடி செய்யாத நாளில் காய்ச்சல் என்று அர்த்தம்.

"உங்க முடிவுதான் சார்," என்றாள்.

நான்காம் எண் விண்ணப்பம் அவளுடைய தங்கை மகளுடையது. தங்கை போனபோது பிள்ளைக்கு மூன்று வயது. அன்றிலிருந்து அவளுக்குக் குடும்பம் என்றால் அந்த ஒரு ஜீவன்தான். இந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டால் போதும், கண்ணை மூடிவிடலாம் என்று தினமும் நினைப்பாள்.

"ஒண்ணு சொல்றேன்," என்றார் தலைவர், உட்கார்ந்தபடி. "நன்கொடைப் புத்தகம் காலையிலயே மருந்தறையில அடுக்கியாச்சுல்ல? செலக்ட் ஆகிறவங்களே போய்ப் பூட்டி மருந்து போடட்டும். அதுதான் கடைசிப் பரீட்சை. போன வருஷம் நடந்தது இனிமே நடக்கக் கூடாது பாருங்க."

"சரி சார்."

மருந்தறை கட்டடத்தின் பின்கோடியில் இருந்தது. பழைய புத்தகங்கள் வந்தால் பூச்சியோடுதான் வரும். அவற்றை அங்கே விரித்து நிறுத்தி, கதவை அடைத்து, இரண்டு நாள் ஓம வாடை அடிக்கிற மருந்துப் புகையில் வைப்பார்கள். இரும்புக் கதவு, ஓரமெல்லாம் ரப்பர், முட்டுக் கொடுக்காமல் விட்டால் தன் கனத்திலேயே மெல்ல வந்து சாத்திக்கொள்ளும். உள்பக்கம் கைப்பிடி கிடையாது. தாழ்ப்பாளும் விளக்கு விசையும் மருந்து விசையும் வெளியே. உள்ளே போகிறவர் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையைக் கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஆணியில் வில்லை தொங்கினால் பூட்டக் கூடாது. அந்த அறைக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

நேர்முகம் தொடங்கியது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்ததால் நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியதாயிற்று. முதல் ஆள் வந்து போனான், இரண்டாம் ஆள் வந்து போனாள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் வராந்தாவிலிருந்து ஒரு வாடை உள்ளே நுழைந்தது, ஓமத்தைக் கசக்கி ஈரத்துணியில் கட்டி மறந்துவிட்டதுபோல ஒரு காரமும் புழுக்கமும் கலந்த வாடை, அதன் அடியில் முத்திரை மையின் எண்ணெய் நாற்றம். தலைவர் மூக்கைச் சுளிக்கவில்லை. அவளுக்கு மட்டும் தொண்டை அரித்தது. இரண்டு ஆட்களுக்கு நடுவே, ஆள் இல்லாத நேரத்தில், வராந்தாவில் ஒரு சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. டொக். கொஞ்ச நேரம் கழித்து, டொக்.

நான்காவதாகப் புது மருமகள்போல அடக்க ஒடுக்கமாக அவள் வளர்த்த பெண் வந்து உட்கார்ந்தாள். மார்பில் நான்கு என்று எழுதிய அட்டை.

"மருந்தறையைப் பூட்டுறதுக்கு முன்னாடி என்னம்மா பார்ப்பே?" என்று தலைவர் கேட்டார்.

"ஆணியில வில்லை இருக்கான்னு பார்ப்பேன் சார். இருந்தா பூட்ட மாட்டேன். இல்லன்னா தாழ் போட்டு மருந்து விசையைப் போடுவேன். சத்தம் கேக்குதான்னு நின்னு பிரயோஜனம் இல்ல சார், உள்ள கத்தினாலும் வெளிய கேக்காது."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. வீட்டில் நாலு நாள் சொல்லிக் கொடுத்தது. தலைமை நூலகர் தலையசைக்கப் பார்த்தாள், கழுத்து அசையவில்லை. அந்தக் கடைசி வாக்கியம், முத்திரைக்காரி செத்த பிறகு நடந்த விசாரணையில் அவளே சொன்னது.

பதினான்கு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமை. ஒன்பது வருடம் தினக்கூலிபோல இழுத்தடிக்கப்பட்ட முத்திரைக்காரிக்கு வேலையை நிரந்தரமாக்கி அன்று காலைதான் உத்தரவு வந்திருந்தது. தலைமை நூலகர் தன் தங்கை மகளுக்கென்று மனசுக்குள் எடுத்து வைத்திருந்த வேலை. மத்தியானம் மருந்தறைப் பக்கம் போனபோது ஆணியில் வில்லை தொங்கியது. பார்த்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது, உள்ளே முத்திரைக்காரி ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு புத்தகம் விரித்துக்கொண்டிருந்தாள். அதையும் கேட்டாள். பிறகு கை தானாகப் போய்த் தாழைப் போட்டது என்றுதான் இதுநாள் வரை தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கை தானாகப் போய் விசையைப் போட்டது. கை தானாகப் போய் வில்லையைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டது. அத்தனை வேலை தெரிந்த கை.

"ஆணியில வில்லை இல்லைங்க. விதியை மதிக்காம உள்ள போயிட்டா," என்று விசாரணையில் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு சொன்னாள். முத்திரைக்காரியின் அம்மா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நின்றாள். "என் பொண்ணு வில்லை மாட்டாம போக மாட்டா. ஒன்பது வருஷத்துல ஒரு நாள் போனதில்ல. யாரோ எடுத்திருக்காங்க." யாரும் காதில் வாங்கவில்லை. தவறு செத்தவள் தலையிலேயே எழுதப்பட்டது.

ஆறு பேரும் முடிந்த பிறகு செய்முறைத் தேர்வு. ஆளுக்கொரு புதுப் புத்தகமும் முத்திரையும் கொடுத்து, பதிவு செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ரகசியப் பக்கத்தைப் பற்றி யாருக்கும் மூச்சு விடவில்லை. புத்தகங்கள் திரும்பி வந்தன. தலைமை நூலகர் முதல் புத்தகத்தைப் புரட்டினாள். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஊதா வட்டம். இரண்டாவதிலும். மூன்றாவதிலும். ஆறிலும்.

எழுந்து வராந்தாவுக்குப் போனாள். ஐந்தாம் எண் அட்டை போட்ட கண்ணாடிக்காரப் பையன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நாற்பத்து மூணாம் பக்கத்துல குத்தச் சொன்னது யாரு?"

"அந்த மேடம்தான். எங்ககூடவே உக்காந்திருந்தாங்களே, விரலெல்லாம் மையா." பெஞ்சின் ஓரத்தைக் காட்டினான். அங்கே மரத்தில் ஐந்து ஊதாப் பொட்டுகள், ஒரு கையின் விரல்கள் ஊன்றிய மாதிரி. "அவங்களும் இந்த வேலைக்குத்தான் வந்திருக்காங்களாம். ஆனா வில்லையைப் பெரிய மேடம் எடுத்து வச்சுக்கிட்டாங்களாம், தரவே மாட்டேங்கிறாங்களாம்."

"எங்க அவ?"

"நாலாம் நம்பர் பொண்ணைக் கூட்டிட்டு அந்தக் கோடிக்குப் போனாங்க. ஏதோ புத்தகம் விரிக்கணும்னாங்க."

அவள் ஓடினாள். இருபத்தாறு வருடத்தில் யாரையும் ஓட விடாத வராந்தாவில் செருப்புச் சத்தம் படபடக்க ஓடினாள், வரிசை வரிசையாக அலமாரிகள் இரண்டு பக்கமும் கடந்து போக, அந்த வாடை ஒவ்வொரு அடிக்கும் கனத்துக்கொண்டு வர, வாய் மட்டும் என் கண்ணு, என் கண்ணு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மருந்தறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. ஆணியில் ஓர் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. நான்கு.

உள்ளே யாரோ முணுமுணுத்துப் பாடினார்கள். பாட்டின் நடுவே ஒரு இருமல்.

"அடியே, வெளிய வா! வெளிய வாடி!"

இருமல் மட்டும். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். மங்கின விளக்கில் அலமாரிகள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொரு தட்டிலும் புத்தகங்கள் விரித்து நிறுத்தப்பட்டிருந்தன, எல்லாம் ஒரே இடத்தில் விரிந்து. முதல் அலமாரியைத் தாண்டினாள். இரண்டாவது. மூன்றாவது. கடைசிச் சுவர் வரை போய்விட்டாள். யாரும் இல்லை. விரிந்த பக்கங்களை அப்போதுதான் பார்த்தாள். நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று. முத்திரை குத்தாமல், வெறுமையாக.

பின்னால் கதவு சாத்திக்கொள்ளும் மெத்தென்ற சத்தம் கேட்டது.

விளக்கு அணைந்தது.

அலமாரிகளில் இடித்துக்கொண்டு கதவுக்கு வந்தாள். கைப்பிடி இல்லாத கதவு. தள்ளினாள். கதவில் முகமளவு ஒரு கண்ணாடி இருந்தது, அதில் வராந்தா விளக்கின் வெளிச்சம். அதில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தாள். ஆணி தெரிந்தது. ஆணியில் ஒன்றும் இல்லை.

அவளுடைய வில்லை அவள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டாமல் வந்திருக்கிறாள். விதியை மதிக்காமல்.

தூரத்தில் ஒருத்தி நடந்து வந்தாள். அவசரமில்லாமல், சந்தோஷத்தை அடக்க முடியாத நடை. நெருங்க நெருங்கத் தெரிந்தது. அவள் வளர்த்த பெண்தான். மார்பில் நான்காம் எண் அட்டை ஒழுங்காகக் குத்தியிருந்தது. அவள் இங்கே வந்தே இருக்கவில்லை. தலைவர் முடிவைச் சொல்லியிருக்கிறார், அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கடைசிப் பரீட்சைக்கு வருகிறாள்.

"கண்ணு! நான் உள்ள இருக்கேன்! பெரியம்மாடி!"

கதவை இரண்டு கையாலும் அடித்தாள். ரப்பர் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிக்கொண்டது. வெளியே பெண் நின்றாள். ஆணியைப் பார்த்தாள். குனிந்து கீழேயும் பார்த்தாள், விழுந்து கிடக்கிறதா என்று. எவ்வளவு கவனமான பிள்ளை. பிறகு கையை நீட்டினாள்.

தாழ் விழுந்த அதிர்வு தலைமை நூலகரின் உள்ளங்கைகளில் இறங்கியது. அடுத்து ஒரு விசை. எங்கோ காலடியில் தகடு சூடாகும் முனகல். ஓமக் காரம் எழுந்தது.

"வேணாம். வேணாம்டி. பாருடி."

பெண் பார்த்தாள். கண்ணாடிக்கு நேராகக் குனிந்து, பெரியம்மாவின் கண்ணுக்குள் பார்த்தாள். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம். அவளுக்கு அவள் முகம்தான் தெரிந்திருக்கும். கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கினாள். அவள் தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் இருட்டில், கடைசிச் சுவர்ப் பக்கம், டொக்.

ஒரு பக்கம் புரண்டது. டொக்.

அடுத்த தட்டு. டொக். வரிசை பிசகாமல், அவசரமில்லாமல், ஒன்பது வருடப் பழக்கத்தோடு. மூன்றாவது அலமாரி. இரண்டாவது. அவள் கத்த வாய் திறந்தாள், புகைதான் உள்ளே போனது. முதல் அலமாரி. டொக். டொக்.

நின்றது.

வெளியே பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே, பிசுபிசுத்த விரல்கள் அவளுடைய மோவாயைத் தொட்டு, புதுப் புத்தகத்தைப் பிரிக்கிற பதவிசோடு முகத்தை மெல்ல நிமிர்த்தின. கழுத்திலிருந்து வில்லை கழன்றது. நெற்றியில் வட்டமாக, ஈரமாக, மை அழுந்தியது.