நுரையூரின் வயது

சங்கு அலறியது. நுரையூரின் வீடுகள் எல்லாம் எழுந்து நின்றன.

அது அங்கே அன்றாடம் நடப்பதுதான். ஆம்பல் கிரகத்துக்கு மூன்று நிலவுகள். அவற்றில் பெரியது உச்சிக்கு வரும்போது நுரையாறு பொங்கிக் கரையேறும். உடனே சங்கு ஊதும். ஒவ்வொரு வீட்டின் அடியிலும் மடங்கிக் கிடக்கும் நான்கு எஃகுக் கால்களும் முனகிக்கொண்டே நிமிரும். அடுப்பில் குழம்பு கொதித்தால் ஒரு கையால் சட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். வெள்ளம் வடியும்வரை சன்னலுக்குச் சன்னல் ஊர்வம்பு பேசுவார்கள். பிறகு வீடுகள் உட்காரும்.

ஆனால் இன்று பெரிய நிலவு இன்னும் மலைக்குப் பின்னால்தான் இருந்தது. ஆற்றில் முழங்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை.

ஊர்மன்றத் தலைவி அஞ்சுகம் பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். வெள்ளை நிற மிதவை ஊர்தி ஒன்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நிழலைத்தான் நிலவு என்று நினைத்துச் சங்கு கத்தியிருக்கிறது. ஊர்தியின் வயிற்றில் தொன்மை ஆணையத்தின் முத்திரை.

அஞ்சுகம் உடனே பட்டறைக்கார இருதயராஜைக் கைப்பேசியில் பிடித்தாள்.

"இருதயம், பானையைப் புதைச்சாச்சா?"

"இப்பத்தான்க்கா. மண்வெட்டியைக்கூட இன்னும் கழுவலை. ஏன்?"

"ஆள் வந்துட்டான்."

"நாளைக்குத்தானே வர்றதாச் சொன்னாங்க? அக்கா, பானை இன்னும் கொதிக்குது! தொட்டா தோல் உரிஞ்சுடும். சாயங்காலம்வரைக்குமாவது ஆறணும்."

"அப்ப சாயங்காலம்வரைக்கும் நான் பேசறேன்" என்றாள் அஞ்சுகம்.

நுரையாற்றில் அணை கட்டப் போகிறார்கள். முதலில் கீழத்துறையை மூழ்கடிப்பதாகத்தான் இருந்தது. ஆனால் முந்நூறு ஆண்டுக்கு மேல் பழமையான ஊரை மூழ்கடிக்கக் கூடாது என்று சட்டம். கீழத்துறைக்காரர்கள் எங்கிருந்தோ ஒரு பானையைத் தோண்டியெடுத்து, முந்நூற்று இருபது ஆண்டு என்று சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். அணைத் திட்டம் ஆற்றோடு மேலே நகர்ந்து நுரையூருக்கு வந்து சேர்ந்தது. தேங்கப்போகும் நீரின் ஆழம் நாற்பது அடி. வீட்டுக் கால்கள் பன்னிரண்டு அடிக்கு மேல் நிமிராது.

நுரையூரின் உண்மையான வயதோ இருநூறைத் தாண்டாது.

இருதயராஜின் பட்டறையில் ஒரு மூப்புலை இருந்தது. விண்கப்பலின் பாகங்கள் நீண்டகாலம் தாங்குமா என்று சோதிக்கும் கருவி. உள்ளே வைத்த பொருளின் மேல் கதிரைப் பாய்ச்சிச் சிறிது நேரத்தில் நூற்றாண்டுகளின் மூப்பை ஏற்றிவிடும். சுட்ட மண்ணில் ஏறியிருக்கும் கதிரை அளந்துதான் ஆணையத்தின் காலமானியும் வயது சொல்லும். கதிர் வானத்திலிருந்து வந்ததா, உலையிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. மனிதர் யாருக்காவது தெரிந்துவிட்டால் சுரங்கச் சிறை.

அன்று காலை இருதயராஜ் ஒரு புதுப் பானையை உள்ளே வைத்து, உலையின் முள்ளை முந்நூற்றுப் பத்தில் வைத்துவிட்டு, "சட்டத்துக்கு இது போதும்க்கா" என்று டீ குடிக்கப் போனான். அஞ்சுகம் தனியாக நின்றாள். கீழத்துறைத் தலைவர் சந்தையில் நாலு பேர் நடுவில் சொன்னது காதில் ஒலித்தது. 'நீங்க என்ன இருந்தாலும் எங்களுக்குத் தங்கச்சி ஊருதானே!' முந்நூற்றுப் பத்து என்று சான்றிதழ் வந்தால் அவன் சொன்னது உண்மையாகிவிடும். வயது கூடினால் ஊருக்குப் பெருமைதானே, குறைச்சலா என்ன?

அவள் திருகைக் கொஞ்சம் திருப்பினாள். பிறகு இன்னும் கொஞ்சம். அது அவளுக்கும் உலைக்கும் மட்டும்தான் தெரியும்.

மிதவை ஊர்தியிலிருந்து இறங்கிய ஆணையர் வைரவன் இளைஞன். ஆற்று நுரை ஒத்துக்கொள்ளாமல் தும்மிக்கொண்டே இருந்தான். எழுந்து நின்ற வீடுகளை அண்ணாந்து பார்த்தான்.

"எனக்காகவா இதெல்லாம் எழுந்து நிக்குது?"

"பெரியவங்க வந்தா எங்க ஊர்ல வீடும் எழுந்து நிக்கும் சார்" என்றாள் அஞ்சுகம் கூசாமல்.

"நேரா ஆத்தங்கரைக்குப் போயிடலாமா அம்மா?"

"ஊரைப் பார்க்காம பானையை மட்டும் பார்ப்பீங்களா?"

இழுத்துக்கொண்டு போனாள். வடக்கே உப்புமலை, தெற்கே நாணல் சதுப்பு, நடுவில் ஆறு மூன்று முறை வளைந்து போகும் அழகு என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். கடைத்தெருவில் இறங்குநாள் விழாவுக்குக் கட்டிய வளைவு இன்னும் பிரிக்கப்படாமல் மின்னியது. 'ஆம்பலில் மனிதன் - 340 ஆண்டு!' அதன் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்தாள். நுரைமீன் வறுவலோடு சோறு போட்டாள். அவன் போதும் என்று கையால் மறைத்தபோது விரலிடுக்கில் இன்னொரு கரண்டி விழுந்தது.

"மக்கள்தொகை எவ்வளவு அம்மா?"

"ஐயாயிரம் சார்."

"என் குறிப்புல நாலாயிரத்துச் சொச்சம்னு இருக்கே?"

"அது பழைய கணக்கு. ஊர்ல பாதிப் பொண்ணுங்க மாசமா இருக்காங்க."

வைரவன் சிரித்தபடி ஐயாயிரம் என்று பதிந்துகொண்டான். கை கழுவியதும் எழுந்துவிட்டான். "இருட்டறதுக்குள்ள தோண்டணும்." இதற்கு மேல் அஞ்சுகத்திடம் சரக்கு இல்லை.

ஆற்றங்கரையில் அகலமான மணல்திட்டு வெறிச்சோடிக் கிடந்தது. ஓரத்தில் இருதயராஜ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். மணலில் வரிசையாகக் கம்பம் நட்ட குழிகள்.

"இங்க குடிசைங்க இருந்துதா?" என்று கேட்டான் வைரவன்.

"பின்கப்பல் ஆளுங்க சார். ஏழாவது கப்பல்ல வந்து இறங்கி, நம்ம கரையில குந்திக்கிட்டாங்க. நாங்க முதல் கப்பல் பரம்பரை. முன்வந்தோர் சட்டம் இருக்கில்ல? முன்னாடி வந்தவனுக்குத்தான் இடம். போன வருஷம் நானே நின்னு காலி பண்ணவெச்சேன்."

"எவ்வளவு அவகாசம் கொடுத்தீங்க?"

"மூணு நாள். ஆக்கிரமிப்புக்கு அதுவே அதிகம் சார்."

வைரவன் தலையசைத்தான். தோண்டு இயந்திரம் மணலில் கை நுழைத்தது. ஓர் அடி. இரண்டு அடி. திடீரென்று குழியிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பியது. வைரவன் குனிந்து பார்த்தான்.

"ஆவி வருதே?"

"ஆத்து மணல் சார்" என்றான் இருதயராஜ். அவன் குரல் கீச்சென்றிருந்தது. "வெயில் பட்டா உள்ளே இருந்து மூச்சு விடும்."

வைரவன் தும்மினான். தும்மி முடிப்பதற்குள் காற்று ஆவியை அடித்துக்கொண்டு போயிற்று. தடித்த கையுறை மாட்டிய கையால் பானையின் ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து உதறினான். கையுறைக்குள் சூடு ஏறவில்லை. அதைக் காலமானியின் வாயில் வைத்தான்.

திரையில் எண்கள் ஏறின. நூறு. இருநூறு. இருநூற்று எண்பதில் கொஞ்சம் தயங்கியது. உயர்ந்து நின்ற வீடுகளின் சன்னல்களில் ஊரே தலை நீட்டிக்கொண்டிருந்தது. முந்நூறு! ஒரு சீழ்க்கை கேட்டது. முந்நூற்றுப் பத்து. இருதயராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு புன்னகைத்தான். முந்நூற்று இருபது. முந்நூற்று ஐம்பது. அவன் புன்னகை உதிர்ந்தது.

எண் அறுநூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றது.

சன்னல்களில் தட்டும் கரண்டியும் முழங்கின.

"அக்கா" என்று அவள் காதருகே வந்தான் இருதயராஜ். "திருகைத் தொட்டீங்களா?"

"கொஞ்சம்தான்டா."

"இதுவா கொஞ்சம்?" அவன் முகம் வெளுத்திருந்தது. அஞ்சுகம் அதைக் கவனிக்கவில்லை. வீடுகளைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினாள். "அறுநூறு! கீழத்துறைக்கு நாம பாட்டன் ஊர்!"

வைரவன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அது நுரையால் அல்ல.

"அம்மா, இனி இந்த மண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி ஏறாது. அணையை வேற இடம் பார்த்துக்கச் சொல்லிடுவாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

அஞ்சுகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம். "சான்றிதழை இன்னிக்கே கொடுத்துடுவீங்களா சார்? பெரிய எழுத்துல, கடைத்தெருவில மாட்டற மாதிரி?"

"கொடுத்துடறேன். யார் பேருக்குக் கொடுக்கறதுன்னுதான் தெரியலை."

"ஏன் சார்? எங்க ஊர்ப் பேருக்குத்தான்."

"இது உங்க பானை இல்லையே அம்மா." வைரவன் கடைத்தெருப் பக்கம் கை நீட்டினான். வளைவின் விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. "மனுஷன் இந்தக் கிரகத்துக்கு வந்தே முந்நூத்தி நாப்பது வருஷம்தான். இதைச் செஞ்சவங்க நமக்கு முன்னாடியே இந்தக் கரையில குடியிருந்தவங்க. யாரோ, எவரோ. எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு!"

அஞ்சுகம் வாயைத் திறந்தாள். இருதயராஜின் விரல்கள் அவள் முழங்கையை இறுக்கின. உண்மையைச் சொன்னால் அவர்கள் இருவருக்கும் சுரங்கம். ஊருக்கு நாற்பது அடித் தண்ணீர். அவள் வாயை மூடிக்கொண்டாள். தலைக்கு மேலே கரண்டிகள் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தன.

வைரவன் கையுறையைக் கழற்றிவிட்டுக் குறிப்புப் பலகையை எடுத்தான். மிகுந்த மரியாதையோடு கேட்டான்.

"முன்வந்தோர் சட்டம் இருக்கில்ல? மக்கள்தொகை ஐயாயிரம்... ஆக்கிரமிப்புக்கு மூணு நாளே அதிகம்னு நீங்கதானே அம்மா சொன்னீங்க?"