குரங்கு கடித்த பேனா

அனுராதாவின் அப்பா தேசப்பனுக்குப் பழைய மைப்பேனாக்கள் என்றால் உயிர். பீரோவில் ஒரு தட்டு முழுக்கப் பேனாதான். புடவை வைக்க இடம் கேட்டு அம்மா ஓய்ந்துபோனார்.

அன்று கூரியரில் வந்ததோ லேசுப்பட்ட பேனா இல்லை. அந்தக் காலத்தில் நூறே நூறு செய்து, ஒவ்வொன்றிலும் எண் பொறித்து விற்றது. பல வருடம் தேடி அலைந்து வாங்கியிருந்தார். பெட்டியைப் பிரித்த கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு திருத்தணி மலைக்குக் கிளம்பிவிட்டார். எது வாங்கினாலும் முருகன் பாதத்தில் வைத்து எடுத்தால்தான் அவருக்கு நிம்மதி.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அனுராதா கெஞ்சினாள்.

"நைனா, ஒரே ஒரு வாட்டி நான் புடிச்சிக்கட்டுமா?"

"ஆங், புடி. பத்திரம்மா!"

வாங்கியதுதான் தாமதம், மதில் மேலிருந்து ஒரு குரங்கு குதித்தது. பளபளத்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறிவிட்டது.

தேசப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். அனுராதாவுக்கு அழுகை முட்டியது. அவள் கையிலிருந்து அல்லவா போனது!

"வாழப்பழம் போடுங்க, உட்டுடும்," என்றார் பூ விற்கும் தாயாரம்மாள்.

தேசப்பன் பழத்தை வீசினார். குரங்கு ஒரு கையால் பிடித்து, பல்லால் உரித்து, சாவகாசமாகத் தின்றது. பேனா மறு கையில் பத்திரமாக இருந்தது. இரண்டாவது பழமும் அதே கதிதான்.

"எத்தினி குடுத்தாலும் ஒத்தக் கையாலயே துன்னுதே!" என்று புலம்பினார்.

அனுராதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கையால் பிரிக்க முடியாததைக் கொடுத்தால்?

வறுத்த வேர்க்கடலை வாங்கிக் கைக்குட்டையில் கொட்டினாள். முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு இறுக்கினாள்.

"நைனா, துண்ட விரிச்சி மரத்தடியில புடிங்க. ஆயா, நீங்க அந்தப் பக்கம்!"

இருவரும் பிடித்தார்கள். அனுராதா மூட்டையை மேலே வீசினாள்.

குரங்கு லபக்கென்று பிடித்தது. மோந்து பார்த்தது. ஒரு கையால் பிய்த்துப் பார்த்தது, முடியவில்லை. பேனாவை வாயில் கவ்விக்கொண்டு இரு கையாலும் இழுத்தது. முடிச்சு அசையவே இல்லை. இனி பல்லால் கடித்துத்தான் ஆகவேண்டும். வாயைத் திறந்தது.

பொத்தென்று துண்டில் விழுந்தது பேனா!

"புடிச்சாச்சி!" என்று தாயாரம்மாள் கூவ, சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஆனால் பேனாவைத் திருப்பிப் பார்த்த தேசப்பனின் முகம் வாடிவிட்டது. "கீறல் இல்லாம வந்துச்சி. இப்ப பாரு, பல்லுத் தடம்."

அனுராதா அந்தப் பல் தடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நைனா, மிச்சம் தொண்ணூத்தொம்பது பேனா இருக்குதே, அதுல எதையாவது குரங்கு கடிச்சிருக்குமா?"

"எங்கருந்து கடிக்கும்?"

"அப்போ இது நூறுல ஒண்ணு இல்ல நைனா. உலகத்துக்கே ஒண்ணு!"

தேசப்பன் பேனாவை மறுபடி திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அடுத்த மாதம் அரக்கோணத்தில் பேனா சேகரிப்பவர்கள் கூடினார்கள். தேசப்பன் தன் பேனாக்களை வரிசையாகப் பரப்பினார். கதை அதற்குள் பரவியிருந்ததால் வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்.

"அந்தக் குரங்குப் பேனா எது சார்?"

"என்னக் கேக்காதீங்க. அத மீட்டவங்களக் கேளுங்க," என்று மகளைக் காட்டினார்.

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. அனுராதாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மதில் மேலிருந்த குரங்கிலிருந்து ஆரம்பித்தாள்.